இதுக்குப் பசிக்குதாம்

அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, கிளாஸை உயர்த்திப் பிடித்து, தொண்டைக் குமிழ் ஏறுவதும் இறங்குவதுமாக, ஊரில் இருக்கிற தண்ணீரையெல்லாம் தாமே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பதுபோல நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்ற அவள், "என்னங்க, மாடிக் கதவைச் சாத்தினீங்களா?" என்று கேட்டாள்.

"சாத்தியாச்சு" என்று பதில் வந்தது.

கதவு சாத்தித்தான் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதில் வந்தபோதும் கிளாஸ் உதட்டில்தான் இருந்தது. குமிழ் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. குரல் அவருடைய நாற்காலிக்கு வலதுபுறம், மடிக்காத துணி குவிந்து கிடந்த மூலையிலிருந்து வந்தது. அவர் குரலேதான். கடைசி எழுத்தைச் சாப்பிட்டுவிடுகிற அதே சோம்பல் குரல்.

அவள் துணிக் குவியலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கிளாஸைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத் தாகம் அடங்கிருச்சு" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு வந்த எரிச்சலில் பயம் காணாமல் போய்விட்டது. பல நாளைக்கு அப்படித்தான் நடந்தது. பயம் தலையை நீட்டும்போதெல்லாம் எரிச்சல் முந்திக்கொண்டு வந்து அதை மறைத்துக்கொண்டு நின்றது.

அவர் வேலை பார்த்த காலத்தில் குடிநீர் அலுவலகத்தில் விசாரணைப் பிரிவில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் வந்து நிற்பார்கள். குழாயில் புழு வருகிறது என்பார்கள், தெரு முழுக்கத் தண்ணீர் இல்லை என்பார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது நம்ம செக்‌ஷன் இல்லை" என்பார். அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று சொல்லியே ஒரு ஆயுசைச் சம்பளத்தோடு கழித்தவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல்மாடியில் ஆத்ம விசாரணை வகுப்பு நடக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கே போய்ச் சேர்ந்தார். போன அன்றைக்கே அவருக்குப் பிடித்துப்போனது. பிடிக்காமல் என்ன செய்யும்? உடம்பு நான் இல்லை, மனசு நான் இல்லை, பசி நான் இல்லை, முழங்கால் வலி நான் இல்லை. எல்லாமே வேறு செக்‌ஷன்.

"ஆபீஸ்லேயும் விசாரணை, இங்கேயும் விசாரணை" என்று அவள் மகளிடம் ஃபோனில் சொன்னாள். "ரெண்டு இடத்திலேயும் பதில் மட்டும் கிடைக்காது."

"விடும்மா. அப்பாவுக்குப் பொழுது போகணுமே."

"பொழுது நல்லாத்தான் போகுது. இப்பல்லாம் அவரு 'எனக்கு'ன்னு சொல்றதில்லே, தெரியுமா? 'இதுக்குப் பசிக்குது', 'இதுக்கு முதுகு அரிக்குது'. இது, இது, இது. ஏதோ வீட்டிலே ஒரு ஆட்டை வாங்கிக் கட்டியிருக்கிற மாதிரி. ஆனா மீன்லே பெரிய துண்டு யாருக்குன்னு கேட்டா மட்டும் ஞானம் கொஞ்சம் இறங்கி வந்து 'எனக்கு'ங்குது."

மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்குப் பின்னால், நாற்காலி எதுவும் இல்லாத இடத்தில், யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமினார்கள்.

அவர் குளியலறையில் இருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வருகிறவர்களை மெஷின் முன்னால் உட்கார வைத்துக் கண்ணின் அளவு எடுப்பது, ஃபிரேம் காதில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது, கம்பியைச் சூடாக்கி வளைப்பது அவள் வேலை. அவளும் கண்ணாடி போட்டவள்தான். கண் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணே அப்படியென்றால் காது எந்த மூலைக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வயதாகிவிட்டது. வீடும் பழையது. குழாயில் காற்று அடைத்தால்கூட மனுஷன் செருமுகிற மாதிரிதான் இருக்கும்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அது நடந்தது. காலையிலிருந்தே அவர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் வெயில் வெள்ளையாக நின்றது. எதிர்வீட்டில் யாரோ ரேடியோவை முணுமுணுப்பாக வைத்திருந்தார்கள். மேசையில் தட்டில் போட்ட சாப்பாடு ஆறி, மேலே ஏடு கட்டி, ஒரு ஈ அதன்மேல் தன் சொந்த இடம்போல நடந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் மூன்று நாள் தாடி. உதட்டோரம் எச்சில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கண்ணிமை ஆடவில்லை.

"என்னங்க" என்றாள்.

ஈ மட்டும் தட்டின் விளிம்புக்கு நகர்ந்தது.

"என்னங்க, சாப்பாடு ஆறிப்போச்சு."

"அதைக் கேளு" என்று திரைச்சீலை பக்கமிருந்து குரல் வந்தது. "எனக்கு வேண்டாம்."

அவர் உதடு அசையவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பயப்பட வேண்டிய நேரத்தில், கோபப்பட்டாள். இத்தனை வருஷம் பொங்கிப்போட்டு, துவைத்துப்போட்டு, மருந்து வாங்கிவந்து பார்த்துக்கொண்ட உடம்பை இவர் 'அது' என்கிறார். கழுவுவது அவள். கைவிடுவது இவர். அடுப்படியில் நின்ற வேர்வை, கடையில் நின்ற கால்வலி எல்லாம் ஒன்றாகத் தலைக்கு ஏறியது. திரைச்சீலையை முறைத்துவிட்டு நாற்காலியில் இருந்த அந்த முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"சரி. அவரு வரமாட்டாராம். நீ இருக்கேல்ல? உனக்குத்தானே பசி? நீ எழுந்து வா. வந்து சாப்பிடு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த முகத்தை அவள் நீ என்று சொன்னதில்லை. சண்டையில்கூட 'நீங்க எக்கேடோ கெட்டுப்போங்க' என்றுதான் வரும். இப்போது சொன்னதும் நாக்கில் ஒரு ருசி தெரிந்தது. அறைந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி.

கண் திறந்தது.

அவர் கண் திறக்கிற விதம் அவளுக்குத் தெரியும். கடை ஷட்டர்போல மெதுவாக, அரைகுறையாக, வேண்டா வெறுப்பாகத் திறக்கும். இது அப்படியில்லை. ஒரே நேரத்தில் இரண்டும் முழுசாகத் திறந்தன. பிறந்த குழந்தை வெளிச்சத்தைத் தேடுவதுபோல அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் அவள் வாயில் வந்து நின்றன. வார்த்தை வந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன.

அது எழுந்தது. முழங்கால் சொடுக்கவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்து, ஈயை விரட்டாமல், ஈயோடு சேர்த்தே முதல் வாயை எடுத்தது. தட்டு காலியாகும் வரை நிமிரவில்லை. பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தது.

"அம்மா" என்றது. "இன்னும்."

அவர் அவளைக் கூப்பிடுவது 'ஏம்மா' என்று. அந்த 'ஏ'யில்தான் அவருடைய புருஷன் அதிகாரம் மொத்தமும் இருந்தது. இது அந்த 'ஏ'யை எங்கோ தொலைத்துவிட்டு வெறும் அம்மாவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது.

அவள் பின்னாலேயே நகர்ந்து சுவரில் முதுகு முட்ட நின்றாள். "என்னங்க" என்றாள்.

அது திரும்பவில்லை. தட்டை வழித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க."

வெகு தூரத்திலிருந்து, ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்பவர்போல, அவர் குரல் கேட்டது. "யாரு கூப்பிட்டது?"

அடுத்த வாரம் முழுக்க அது நன்றாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. தானே குளித்தது, சோப்பை வாசம் பார்த்துப் பார்த்துக் குளித்தது. தாடியை எடுத்தது. மாடிப்படியை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, காலுக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டா என்று பார்த்துச் சிரித்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "சின்னப் பையன் மாதிரி இருக்காரு. கொடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார். மகள் ஃபோனில் பேசிவிட்டு, "அப்பா இப்பத்தான் மனுஷங்க மாதிரி பேசறாரும்மா. என்னைப் பத்தி எவ்வளவு கேட்டாரு தெரியுமா? என் குரல் நல்லா இருக்காம். என்னை நேர்ல பார்க்கணுமாம். நான் வரட்டுமா?" என்றாள்.

"வராதே" என்றாள் அவள்.

"ஏம்மா?"

"வீடு சரியில்லை. நான் சொல்றப்ப வா."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஃபர்னிச்சர் கடை மாடிக்கு ஏறிப் போனாள். வார்னிஷ் வாசம் படியெல்லாம் கூடவே வந்தது. வகுப்பு முடிந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வகுப்பு எடுக்கிறவரை எல்லோரும் ஆசான் என்பார்கள். அவள் வைத்த பெயர் மைக் சாமி. அடிக்குரலில் பேசினாலே கடைசி வரிசைக்குக் கேட்கிற அறையில், அவர் காலரில் ஒரு சின்ன மைக்கைச் செருகிக்கொண்டுதான் மௌனத்தைப் பற்றிப் பேசுவார். இப்போதும் அது காலரில் இருந்தது. அவர் மூச்சுவிடுவது சுவரிலிருந்த ஸ்பீக்கரில் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு திரும்பி வரலே" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அடைஞ்சிட்டாரும்மா. பெரிய விஷயம்."

"அவரு எதையோ அடையட்டும். வீட்டிலே உட்கார்ந்து உப்பு கம்மின்னு சொல்றது யாரு?"

"அதுவா? அது வெறும் கருவி. ஜடம். பழக்கத்திலே ஓடுது. ஓட்டறவன் இறங்கிட்டாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் உருளுமே, அப்படி."

"உருள்ற சைக்கிள் கடைக்குப் போயி தனக்குன்னு புதுச் செருப்பு வாங்கிட்டு வருமா?"

ஸ்பீக்கரில் மூச்சு நின்றது. அவர் காலரில் கைவைத்து மைக்கை அணைத்தார். அணைத்த பிறகு அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. ஒரு சாதாரண, வயிறு சரியில்லாத மனுஷனுடைய குரல்.

"நீங்க அதுகிட்டே பேசினீங்களா?"

"பேசாம? பட்டினியா கிடந்துச்சே."

"என்னன்னு பேசினீங்க? நீன்னா?"

"ஆமா."

"கூப்பிட்டிருக்கக் கூடாதும்மா."

"ஏன்?"

"நாங்க விடறதுக்குத்தான் சொல்லித் தர்றோம். விட்ட இடத்துக்கு யாராவது வருவாங்களா, வந்தா என்ன பண்றது, அதெல்லாம்..." அவர் நாற்காலிகளைப் பார்த்தார். "அதெல்லாம் நான் படிச்சதில்லே."

"வீட்டைக் காலி பண்ணக் கத்துக்கொடுத்தீங்க. பூட்டக் கத்துக்கொடுக்கலையா?"

அவள் படியிறங்கினாள். பாதியில் வரும்போது மேலே மைக்கை மறுபடி போட்டுக்கொள்ளும் கரகரப்பு கேட்டது. பிறகு ஸ்பீக்கரில் அவர் குரல், மெதுவாக, இடைவெளி விட்டு, சரி பார்ப்பதுபோல. "நான்... நான்... நான்."

தூ என்றிருந்தது அவளுக்கு. அடுத்தவன் வீட்டில் தீ வைத்துவிட்டுத் தன் வீட்டு வாளியை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து அது அவளுடைய கண்ணாடிக் கடைக்கு வந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வெளியே வெயில், உள்ளே ஏசியின் ஒரே சீரான இரைச்சல், சுவர் முழுக்க முகம் இல்லாத கண்ணாடிகள். கதவின் மணி கிலுங்கியது. புதுச் செருப்பில், வழித்து வாரிய தலையோடு, அது நின்றது.

"இங்கே எதுக்கு வந்தே?" அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீ இங்கேதானே இருக்கே" என்றது. பிறகு மெஷினைப் பார்த்தது. "அது என்னம்மா?"

கேட்காமலே போய் உட்கார்ந்தது. தாடையை மேடையில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளும், பழக்கதோஷம்தான், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து குமிழைத் திருகினாள். கண் திரையில் பெரிதாகத் தெரிந்தது. அவர் கண்தான். இடது கண்ணில் அந்தச் சின்ன மஞ்சள் புள்ளிகூட இருந்தது. ஆனால் எண் காட்டுகிற இடத்தில் பூஜ்யம் நின்றது. நாற்பது வயதிலிருந்து கண்ணாடி போட்ட மனுஷனுக்கு.

அந்த மெஷினுக்குள் பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு படம் தெரியும். நீளமான ஒரு சாலை, இரண்டு பக்கமும் புல், சாலையின் முடிவில் வானத்தில் ஒரு பலூன். உலகத்தில் கண் பார்த்துக்கொண்ட எல்லோரும் பார்த்திருக்கிற படம். வேறு எதுவும் அதில் கிடையாது. வருகிறவர்களிடம் கேட்பதைத்தான் அவள் கேட்டாள்.

"என்ன தெரியுது?"

"ரோடு."

"அப்புறம்?"

"பலூன்."

"சரி. பலூனையே பாரு."

"பலூனுக்குக் கீழே அவரு நிக்கறாரு."

அவள் கை குமிழில் அப்படியே நின்றது.

"யாரு?"

"போனாரே, அவரு." கண் சிமிட்டவில்லை. "கையாட்டறாரு. செருப்புப் போட்டுக்கலே. தார் சுடும்போல, காலை மாத்தி மாத்தி வைக்கறாரு." நெற்றியைப் பட்டையில் இன்னும் அழுத்தியது. "ஓடி வர்றாரும்மா."

"தலையை எடு."

"கிட்ட வந்துட்டாரு."

"எடுன்னு சொன்னேன்."

அது தலையை எடுத்தது. நெற்றியில் பட்டை அழுத்திய கோடு சிவப்பாக இருந்தது. மெஷின் காலியாக, தாடை மேடை வெறுமையாக இருந்தது. திரையில் கண் இல்லை. ஆனால் அந்தக் கருவி, கண்ணைக் கண்டால் மட்டும் போடுகிற பீப் சத்தத்தை ஒருமுறை போட்டது.

அன்றிலிருந்து அவர் குரல் வீட்டில் இருந்தது. இப்போது ஜன்னலுக்கு வெளியே இல்லை. படிக்கட்டில் இருந்தது. பிறகு நடைவழியில். பிறகு அவள் பாத்திரம் கழுவும்போது அவள் தோளுக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில். அது டிவி பார்த்து உரக்கச் சிரித்துக்கொண்டிருக்கும். இவர் இங்கே முனகுவார்.

"ஏம்மா. குளிருது."

"உடம்பே இல்லாதவருக்குக் குளிரு எங்கேருந்து வரும்?"

"தெரியலே. குளிருது."

"உங்க இடம் அங்கேதான் சோபாவிலே உட்கார்ந்திருக்கு. போய் ஏறிக்கோங்க."

"அது விடமாட்டேங்குது. போய் நின்னா, ஆளு இருக்குன்னு சொல்லுது."

"அப்ப வேற செக்‌ஷனுக்குப் போங்க" என்றாள். சொல்லிவிட்டு, இருபது வருஷம் சொல்லக் காத்திருந்ததைச் சொன்னதுபோல, தட்டை அழுத்தித் தேய்த்தாள்.

அடுத்த நாள் குரல் இளைத்திருந்தது. மகளின் பெயர் அவருக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று கேட்டார். காய்ந்த துணியை எடுக்க அவள் மாடிக்குப் போனபோது, கூடவே ஏறி வந்து, துணிக்கொடிக்கு இந்தப் பக்கம், அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்று கேட்டார்.

"ஏம்மா. நான் யாரு?"

முன்பெல்லாம், வகுப்பில் கற்றுவந்த இந்தக் கேள்வியை அவர் எப்படிக் கேட்பார். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, உதட்டில் ஒரு அரைச் சிரிப்போடு, விடை தன் சட்டைப் பையில் இருக்கிற மாதிரி கேட்பார். இது அப்படியில்லை. பஸ் நிலையத்தில் கையை விட்டுவிட்ட குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது. அவள் கையில் இருந்த சட்டை அவருடையது. வெயிலில் விறைத்திருந்தது. அதை இரண்டாக மடித்தாள். என்ன இழவு மனுஷன் என்று நினைத்தாள். என்ன இழவானாலும் என் மனுஷன் என்றும் நினைத்தாள். இன்னும் இரண்டு நாள் விட்டால் இந்தக் குரல்கூட இருக்காது. பிறகு கீழே சோபாவில் இருப்பது மட்டும்தான். அதுவும் அவளும். மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வரட்டுமா, வரட்டுமா என்று.

துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

பிற்பகல் வெளிச்சம் கூடத்தின் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அது சோபாவில் உட்கார்ந்து தன் உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருந்தது. டிவி அணைந்திருந்தது.

"எழுந்திரு" என்றாள்.

எழுந்தது.

"அவரு வந்துட்டாரு. இடத்தை விடு."

"எந்த இடத்தை?"

"அந்த உடம்பை. அது அவருது."

அது தன் மார்பைக் குனிந்து பார்த்தது. கையைப் பார்த்தது. கோபம் எதுவும் இல்லை.

"அவரு இல்லேன்னு சொன்னாரே. தினமும் சொன்னாரே. நான் இது இல்லே, நான் இது இல்லேன்னு. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன், ரொம்ப நாளா." பிறகு, மெல்ல, "நீதானேம்மா என்னைக் கூப்பிட்டே. நான் எங்கே போவேன்?"

பயம். இந்த முறை எரிச்சல் வரவில்லை. தேடிப் பார்த்தாள். வரவில்லை. பழைய பேச்சை மட்டும், எரிச்சல் இல்லாத வெறும் பேச்சை, இழுத்துப்பிடித்து எடுத்தாள். ஜன்னலைப் பார்த்து, நடைவழியைப் பார்த்து, எங்கே நிற்கிறார் என்று தெரியாமல், தெருவில் நின்று பேசிக்கொண்டே இருக்கிற புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

"போதுங்க. வெளியே நின்னது போதும். உள்ளே வந்து தொலைங்க."

எதற்குள்ளே என்று சொல்லவில்லை.

குழாயில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

பிடரியில் குளிர்.

மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் குளிர். குளிர்ந்த சட்டைக்குள் கையை நுழைப்பதுபோல ஏதோ அவள் தோளுக்குள் நுழைந்து, முழங்கை வரை வந்து, தடவிப் பார்த்து, விரல்களுக்குள் விரல்களை விட்டது. விலா விரிந்தது. அவளுடைய மூச்சு பாதியில் நின்றது. வேறு ஒரு மூச்சு மீதியை இழுத்தது.

"அப்பாடா" என்றது அவள் வாய்.

கடைசி எழுத்தைச் சாப்பிட்டுவிட்டு.

அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். கை பாதி தூரம் வந்து நின்றது. யோசித்தது. கீழே இறங்கிக்கொண்டது.

"என்னங்க" என்றாள். மனதுக்குள்தான். "இங்கே இல்லைங்க. அங்கே. அங்கே போங்க."

"இங்கே கதகதப்பா இருக்கும்மா" என்றார். அதுவும் உள்ளேயே.

எதிரில் அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு அடி வைத்தது. சதுர வெளிச்சத்தைத் தாண்டி இன்னொரு அடி. முகம் ரொம்பக் கிட்ட வந்தது. சோப்பு வாசம். கண்கள் அவள் கண்களில் இல்லை. உதட்டில்.

"அம்மா. உனக்குள்ளே யாரு?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். தலை ஆடவில்லை.

"அவருதானே." அதன் கை உயர்ந்து அவள் தாடையைப் பிடித்தது. மென்மையாக. மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி அவள் எத்தனையோ பேருக்குப் பிடித்த மாதிரியே. "அழாதேம்மா. எடுத்துடலாம். வாயைத் திற."

திறக்க மாட்டேன்.

பல்லைக் கடித்தாள். கடித்துக்கொண்டே இருந்தாள். தொண்டைக்குக் கீழே, வயிற்றுக்கும் கீழே, அவர் சுருண்டு சுருண்டு பின்வாங்குவது தெரிந்தது. நடுங்கினார். மூலை தேடினார். மறைந்துகொள்ள எதையாவது தேடினார். இத்தனை வருஷமும் எதற்குப் பின்னால் மறைந்துகொண்டாரோ, அதையே கண்டுபிடித்தார்.

"ஏம்மா" என்றார் அவசரமாக. "நீ கொஞ்சம் முன்னாடி போயேன். நீ போய் அதுகிட்டே பேசு."

"என்னங்க."

"கொஞ்ச நேரம்தான். தள்ளிக்கோ."

தள்ளினார்.

வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

கால் தரையில் இல்லை. தரை எங்கே என்று தெரியவில்லை. குளிர். கூடம் அப்படியே இருந்தது, வெளிச்சம் அப்படியே இருந்தது, ஆனால் எல்லாம் ஒரு கை அகலம் தள்ளி இருந்தது. அவள் கூப்பிட்டாள். சத்தம் எங்கோ துணிக்கு அடியில் மாட்டிக்கொண்ட மாதிரி கேட்டது. இரண்டு பேரும் திரும்பவில்லை.

அவளுக்கு ஒரு பக்கவாட்டு முகம் தெரிந்தது. வயதான பெண்ணின் முகம். கண்ணாடிக் கம்பி காதுக்குப் பின்னால் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சூடாக்கி வளைத்தால் போதும். அந்த முகத்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. அதற்குள் ஒரு கிழவனின் விரல்கள், பல்லைத் தாண்டி, மணிக்கட்டு வரை போயிருந்தன. பொறுமையாக, உள்ளே எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன.